மேய்ப்பு நாய்க்கு வேண்டியது பங்களா அல்ல

"நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்பது நம் ஊர்ப் பழமொழி. வெட்டியாக அலைகிறவனைக் கேலி செய்வதற்காகச் சொல்வது. ஆனால் பெங்களூரில் உள்ள பிராணிகள் காப்பகம் ஒன்றுக்குப் போய், கம்பிக் கூண்டுக்குள் காலையிலிருந்து மாலை வரை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஓர் அல்சேஷன் நாயையோ, கறுப்பும் வெள்ளையுமான பார்டர் கோலி நாயையோ ஐந்து நிமிடம் பார்த்தவர்களுக்கு அந்தப் பழமொழி கேலியாகப் படாது. வேலை இல்லை என்பதுதான் அதன் நோய். நிற்க முடியாமல் சுற்றுவது அந்த நோயின் அறிகுறி.

இந்த நாய்களெல்லாம் தெருவில் பிறந்தவை அல்ல. ஆயிரக் கணக்கில் பணம் கொடுத்து வாங்கப்பட்ட ஜாதி நாய்கள். ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் ஏதோ ஒரு மாடியில் வளர்ந்தவை. குட்டியாக இருந்தபோது குழந்தைகளின் மடியில் கிடந்தன. ஒரு வயது, இரண்டு வயது ஆனதும் உடம்பும் வளர்ந்தது, தொல்லையும் வளர்ந்தது. எஜமானருக்கு வெளிநாட்டு உத்தியோகம் கிடைத்தது, அல்லது வீட்டில் குழந்தை பிறந்தது, அல்லது பக்கத்து வீட்டுக்காரர் குரைப்புச் சத்தம் பொறுக்காமல் சண்டைக்கு வந்தார். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது நாயால் நோய் பரவும் என்று கிளம்பிய வதந்தியை நம்பித் தெருவில் விட்டவர்களும் உண்டு. ஊரடங்கில் பொழுது போகவில்லையென்று குட்டி வாங்கி, ஆபீஸ் திறந்ததும் கைகழுவியவர்களும் உண்டு.

இப்படிக் கைவிடப்பட்ட நாய்களை மீட்கிற நல்ல உள்ளங்கள் இந்த நகரத்தில் இருக்கின்றன. 1991-லிருந்து இயங்கும் க்யூபா போன்ற சங்கங்களும், சொந்தக் காசைச் செலவழிக்கும் தனி மனிதர்களும் இந்தப் பணியைச் செய்கிறார்கள். மீட்பது பாதி வேலை. மீட்ட நாயைச் சரியான வீட்டில் சேர்ப்பது மறு பாதி. அந்த மறு பாதியில்தான் தவறு நடக்கிறது. சரியான வீடு என்றால் பெரிய வீடு, வசதியான வீடு, தோட்டமுள்ள வீடு என்று பொதுவாக ஓர் எண்ணம் இருக்கிறது. மேய்ப்பு நாய்களைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரியல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வேலைக்கென்றே பிறந்தவை

மேய்ப்பு நாய் என்றதும் நம்மவர்களுக்குக் கிடைக் காவல் நாய் நினைவுக்கு வரும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த வயலில் கிடை போடும்போது கூடவே ஒரு நாய் படுத்திருக்கும். நரி வந்தால், திருடன் வந்தால் குரைக்கும். ஆனால் ஆட்டை மடக்குவதும் திருப்புவதும் ஆள்தான், அவர் குரலும் கம்பும்தான். நம்முடைய ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் எல்லாம் காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போனவை. மந்தையை ஓட்டுகிற நாய் என்பது நம் பக்கத்துப் பழக்கம் அல்ல.

ஐரோப்பாவில் கதை வேறு. ஜெர்மனியில் வேலியில்லாத பயிர் நிலங்களுக்கு இடையே ஆட்டு மந்தையை ஓட்டிச் செல்வார்கள். ஓர் ஆடு கூடப் பயிரில் வாய் வைத்துவிடக் கூடாது. அதற்காக மந்தையின் ஓரத்தில் நாள் முழுக்க முன்னும் பின்னும் ஓடி, நடமாடும் வேலியாக நின்ற நாய்கள் அவை. அந்த நாய்களிலிருந்து ஓர் இனத்தை ஒழுங்குபடுத்தியவர் மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி. 1899-ல் கார்ல்ஸ்ரூ நகரத்தில் நடந்த நாய்க் கண்காட்சியில் ஒரு நாயைப் பார்த்து வாங்கி, அதற்கு ஹோராண்ட் என்று பெயரிட்டு, அந்த ஆண்டே ஒரு சங்கமும் தொடங்கினார். அந்த இனம்தான் ஜெர்மன் ஷெப்பர்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் என்ற பெயரே கசந்துபோனதால் ஆங்கிலேயர்கள் அல்சேஷன் என்று மாற்றி அழைத்தார்கள். பிரிட்டனில் பழைய பெயர் 1977-ல் திரும்பி வந்துவிட்டது. நாம் இன்னும் அல்சேஷன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். போலீஸ் நாய் என்று நாம் அறிந்த இந்த நாயின் பூர்வீகத் தொழில் ஆடு மேய்ப்பு.

பார்டர் கோலி, இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலுள்ள எல்லைப்புற மலைகளின் நாய். மேய்ப்பர் ஒரு மேட்டில் நின்று விசில் கொடுப்பார். நாய் எங்கோ தூரத்து மலைச்சரிவில் பரவிக் கிடக்கும் ஆடுகளைச் சுற்றி வளைத்துக் கொண்டுவரும். குரைக்காது. பதுங்கி, கண்ணாலேயே ஆட்டை நிறுத்தும். 1873-ல் வேல்ஸ் நாட்டில் பாலா என்ற ஊரில் இந்த நாய்களுக்கென்று போட்டி வைத்தார்கள். 1893-ல் நார்தம்பர்லாந்தில் பிறந்த ஹெம்ப் என்ற ஒரு நாயின் வம்சத்தில் வந்தவைதான் இன்றைய பார்டர் கோலிகளில் பெரும்பாலானவை என்று சொல்வார்கள். அழகுக்காக அல்ல, வேலைத் திறமைக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்ட இனம் அது.

ஓநாய் வேட்டையாடும்போது முதலில் பார்க்கும், பிறகு பதுங்கும், துரத்தும், கடிக்கும், கொல்லும். இந்த வரிசையில் கடைசி இரண்டையும் அடக்கி, முதல் மூன்றையும் கூர்மைப்படுத்தியதே மேய்ப்பு நாய். பார், பதுங்கு, துரத்து என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. ஆடு இல்லாத இடத்தில் அந்தக் குணம் மறைந்துவிடாது. வேறு எதையாவது தேடும்.

அடுக்குமாடி வளாகத்தில் அது சைக்கிளைத் துரத்துகிறது. ஓடி விளையாடும் பிள்ளைகளைச் சுற்றி வளைத்துக் குதிகாலைக் கவ்வுகிறது. ஸ்கூட்டர் சக்கரத்தின் மேல் பாய்கிறது. வீட்டில் தனியாக விட்டால் கதவைப் பிறாண்டுகிறது, சோபாவைக் குதறுகிறது, ஓயாமல் குரைக்கிறது. எஜமானர் "வெறி பிடித்த நாய்" என்கிறார். உண்மையில் அது தன் தொழிலைத்தான் செய்கிறது. மந்தை மட்டும் இல்லை.

வேலை தேடி ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது எளிதில் புரிய வேண்டும். மனிதனையும் நாயையும் ஒப்பிடுவதாக யாரும் கோபிக்க வேண்டாம். 2001-ல் கோலார் தங்கவயல் மூடப்பட்டபோது, சம்பளம் போன கவலையோடு, விடிந்தால் எழுந்து போக ஓர் இடமில்லையே என்ற கவலையும் எத்தனை வீடுகளில் புகுந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியும். கைத்தொழில் தெரிந்தவனைச் சும்மா உட்கார வைப்பது பெரிய தண்டனை. வாய் பேசாத ஜீவனுக்கும் அது தண்டனைதான்.

தவறான மூன்று வீடுகள்

மீட்கப்பட்ட மேய்ப்பு நாய்கள் பெரும்பாலும் மூன்று வகையான தவறான வீடுகளில் போய்ச் சேருகின்றன.

முதலாவது, அந்தஸ்துக்காக நாய் வளர்க்கும் பங்களா. வாசலில் "நாய் ஜாக்கிரதை" பலகை, உள்ளே சங்கிலியில் கட்டிய அல்சேஷன். வீட்டு எஜமானர் காலையில் காரில் போகும்போது ஒரு தடவை பார்ப்பார். சாப்பாடு வைப்பது வேலைக்காரர், உலாத்திக் கூட்டிப்போவது வாட்ச்மேன். அதுவும் தெருமுனை வரை. நாயின் வயிறு நிறையும், ஆனால் அதனோடு பேச ஆளில்லை, ஓட இடமில்லை, செய்ய வேலையில்லை. நாளடைவில் யார் கிட்டே வந்தாலும் பாய ஆரம்பிக்கும். அப்புறம் மறுபடியும் காப்பகம்.

இரண்டாவது, இரக்கப்பட்டு எடுத்துப்போகும் வீடு. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டு மணிக்குப் பூட்டினால் இரவு எட்டு மணிக்குத் திறக்கிற கதவு. அவர்கள் மனம் நல்ல மனம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நான்கு சுவருக்குள் அடைபட்ட பார்டர் கோலிக்கு இரக்கத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. இவர்கள் ஒரு வயதான நாயையோ, சாதுவான நாட்டு நாயையோ எடுத்திருந்தால் இருதரப்புக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

மூன்றாவது, "எங்களுக்கு ஊரில் தோட்டம் இருக்கிறது" என்ற வீடு. இதை ஒத்துக்கொள்ளப் பலருக்குக் கஷ்டமாக இருக்கும். ஆடு மேய்க்கும் நாய்க்குக் கிராமத்தை விடச் சிறந்த இடம் எது என்று கேட்பார்கள். கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ உள்ள தோட்டத்தில் நாயைக் கொண்டுபோய் விட்டதும் என்ன நடக்கிறது? பம்புசெட் கொட்டகையில் கட்டிப்போடுகிறார்கள். அவிழ்த்துவிட்டால் பக்கத்துத் தோட்டத்து ஆட்டைத் துரத்துகிறது. பழக்கப்படாத மேய்ப்பு நாய் ஆட்டை மடக்காது, விரட்டித்தான் அடிக்கும். சினை ஆடு ஓடி விழுந்தால் ஆட்டுக்காரர் சும்மா இருப்பாரா? அவரது பிழைப்பு அது. ஒருநாள் சோற்றில் மருந்து வைத்துவிடுவார்கள். போதாக்குறைக்கு வெயில். அல்சேஷனுக்கும் கோலிக்கும் இரட்டை அடுக்கு ரோமம், குளிர் நாட்டுச் சட்டை. பெங்களூர்க் குளிர்ச்சியில் தாங்குகிற நாய், வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் நண்பகலில் நாக்குத் தொங்கிச் சுருண்டுவிடும். ரோமத்தை மழித்துவிட்டால் சரியாகும் என்பதும் தவறு. வெயில் நேரே தோலில் படாமல் காப்பதே அந்த ரோமம்தான்.

தோட்டத்தில் நாள் முழுக்க இருக்கிற ஒருவர், நாயைத் தன்னோடு வைத்துக்கொண்டு பழக்க மனமும் பொறுமையும் உள்ளவர், ராத்திரி வீட்டுத் திண்ணையில் படுக்க இடம் கொடுக்கிறவர் இருந்தால் அந்தத் தோட்டம் தங்கமான இடம். நிலம் மட்டும் இருந்தால் போதாது.

சரியான வீடு எது?

மேய்ப்பு நாய்க்கு வீடு பார்க்கிறவர்கள் சதுர அடியைக் கேட்க வேண்டாம். மணி நேரத்தைக் கேட்கட்டும். வீட்டில் பகலில் யார் இருக்கிறார்கள்? காலையிலும் மாலையிலும் யார் நாயோடு நடப்பார்கள்? எவ்வளவு நேரம்? அந்த ஆள் நாயை இழுத்துப் பிடிக்கும் பலமுள்ளவரா? முப்பது கிலோ அல்சேஷன் ஒரு பூனையைப் பார்த்துப் பாய்ந்தால் ஏழு வயதுப் பையன் கையில் வார் நிற்காது.

நடை மட்டும் போதாது, மூளைக்கும் வேலை வேண்டும். இதற்கு ஆட்டு மந்தை தேவையில்லை. உட்கார், நில், வா, கொண்டு வா என்று நாளுக்கு நான்கு தடவை பத்து நிமிடம் பழக்குவதும், ஒளித்து வைத்த பொருளை மோப்பம் பிடித்து எடுத்துவரச் செய்வதும், சாப்பாட்டைத் தட்டில் கொட்டாமல் தேடித் தின்ன வைப்பதும் அதற்கு வேலைதான். சொல்லிக் கொடுத்ததைச் செய்து பாராட்டு வாங்கிய நாய் மத்தியானம் நிம்மதியாகத் தூங்கும். செலவில்லாத காரியம், நேரம்தான் வேண்டும்.

அடுத்து, குடும்பத்தில் எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்க வேண்டும். வீட்டு அம்மாளுக்கு நாய் ரோமம் ஆகாதென்றால் அந்த வீடு சரிப்படாது, ஏனென்றால் இந்த நாய்கள் வருஷம் பூராவும் ரோமம் உதிர்க்கும். தவழும் குழந்தை, ஓடியாடும் குழந்தை உள்ள வீட்டுக்குத் துடிப்பான இளம் கோலி வேண்டாம். வாடகை வீடானால் வீட்டுக்காரரின் சம்மதம் முன்னாலேயே வேண்டும். நாய் வந்த பிறகு கேட்டால் இருவரும் தெருவில் நிற்க நேரிடும்.

நாய்களும் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. ஒன்பது வயது அல்சேஷன் கிழத்துக்கு ஓட்டமும் வேண்டாம், பழக்கமும் வேண்டாம். இடுப்பு மூட்டு வலி அந்த இனத்துக்கு அடிக்கடி வருவது. படி ஏற முடியாத அதற்கு வேண்டியது கீழ்த்தளத்தில் ஒரு சாக்கு விரிப்பும் பக்கத்தில் மனித வாசனையும். ரிடையரான ஒரு தம்பதிக்கு அது அருமையான துணை. அடிபட்டுப் பயந்த நாய்க்குச் சந்தடியில்லாத வீடு வேண்டும். கட்டுக்கடங்காத இளம் நாய்க்கு அனுபவமுள்ள கை வேண்டும். முதலில் நாயைப் படித்துவிட்டுப் பிறகு வீட்டைத் தேட வேண்டும். ஜாதகப் பொருத்தம் பார்க்கிற நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொடுத்தபின் மறந்துவிடுவதும் கூடாது. புது வீட்டில் நாய்க்கு மூன்று நாள் பயம், மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதத்தில்தான் உரிமை வரும் என்று அனுபவசாலிகள் கணக்குச் சொல்வார்கள். அந்த மூன்று மாதமும் நாயைக் கொடுத்தவர் தொடர்பில் இருக்க வேண்டும். சரிப்படவில்லையென்றால் திருப்பி வாங்கிக்கொள்வோம் என்ற உறுதி இருக்க வேண்டும். கருத்தடை செய்தே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குட்டி விற்கிறவன் கையில் அந்த நாய் சிக்கும்.

மருந்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கோலி வகை நாய்கள் பலவற்றுக்கும், அல்சேஷன்களில் சிலவற்றுக்கும் பிறவியிலேயே ஒரு மரபணுக் குறை உண்டு. 2001-ல் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். சொறிக்கும் உண்ணிக்கும் சாதாரணமாகப் போடப்படும் ஐவர்மெக்டின் மருந்து அளவு கூடினால் இந்த நாய்களின் மூளையைத் தாக்கி உயிரையே வாங்கிவிடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நீங்களே கொடுக்காதீர்கள். மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் இது இன்ன ஜாதி என்று சொல்லி, அவர் தருவதைக் கொடுங்கள்.

சங்கங்களுக்கு ஒரு வார்த்தை

நாய்களைத் தத்துக் கொடுக்கிறவர்களிடம் பணிவாகச் சொல்ல ஒன்று உண்டு. விண்ணப்பத் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. சொந்த வீடா, எத்தனை அறை, கார் உண்டா என்று கேள்விகள். ஸ்ரீராமபுரத்தில் ஒற்றை அறையும் சமையல் கட்டுமாகக் குடியிருக்கும் ஒரு ரிடையர்டு ரயில்வே கேங்மேன் அந்தத் தாளைப் பார்த்த உடனே திரும்பிவிடுவார். ஆனால் அவரைப் பாருங்கள். தண்டவாளத்தோரம் மைல் கணக்கில் நடந்தே உத்தியோகம் பார்த்தவர். இன்றும் விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். நடக்காவிட்டால் சாப்பாடு இறங்காது. பகல் முழுக்க வீட்டில் இருக்கிறார். பேசத் துணையில்லை. ஓர் அல்சேஷனுக்கு அவரை விடப் பொருத்தமான எஜமானர் யார்? பங்களாவில் வாரத்துக்கு ஒரு நாள் கூடக் கிடைக்காத துணை, அந்த ஒற்றை அறையில் நாள் பூராவும் கிடைக்கும்.

ஏழைக்கு நாயைக் கொடுத்தால் சோறு போட முடியுமா என்ற கேள்வி நியாயமானதே. பெரிய நாய்க்குச் சாப்பாடு, வருஷா வருஷம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, நோய் வந்தால் வைத்தியம் என்று செலவு உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே தவிர, முகவரியைப் பார்த்தே முடிவு கட்டலாகாது. தடுப்பூசிச் செலவைச் சங்கம் ஏற்று, நேரத்தை அவர் ஏற்றால் நாய்க்கு வீடு கிடைக்கும். விண்ணப்பத்தைக் கன்னடத்திலும் தமிழிலும் அச்சடித்தால், இன்னும் எத்தனையோ நல்ல வீடுகள் அவர்கள் கண்ணில் படும்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை

நம்மவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. இந்த நகரத்தில் வீட்டு வேலை, டிரைவர் வேலை, வாட்ச்மேன் வேலை பார்க்கும் தமிழர்கள் பல பேர். வெளிநாடு போகிற எஜமானர் கடைசி நாளில் "இந்த நாயை நீயே வச்சுக்கோப்பா, நல்ல ஜாதி நாய்" என்று சங்கிலியைக் கையில் கொடுத்துவிடுகிறார். இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? வாங்கி வந்துவிடுகிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஐந்து பேரோடு ஆறாவதாக ஓர் அல்சேஷன். ஒரு வாரம் தெருவே வந்து வேடிக்கை பார்க்கும், நமக்கும் பெருமையாக இருக்கும். இரண்டாவது மாதம் அது பக்கத்து வீட்டுப் பையனைக் கவ்விவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில்? எஜமானர் அப்போது எங்கோ வெளிநாட்டில் இருப்பார்.

வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். தடுப்பூசி போட்ட அட்டை இருக்கிறதா? யாரையாவது கடித்திருக்கிறதா? எங்களால் முடியவில்லையென்றால் யாரிடம் ஒப்படைப்பது? மூன்றாவது கேள்விக்குப் பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதில் சரியில்லையென்றால், "ஐயா, எங்கள் வீட்டில் இதற்கு நேரமில்லை, இது சங்கடப்படும்" என்று சொல்லுங்கள். இது எஜமானரை அவமதிப்பதாகாது, நாய்க்குச் செய்கிற உபகாரம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் சங்கிலியில் கட்டியே வைக்காதீர்கள். விடியற்காலையில் அரை மணி, ராத்திரி அரை மணியாவது வாரைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடங்கள். வீட்டில் ஷிப்டு வேலை பார்க்கிறவர்கள் இருந்தால் முறை போட்டுக்கொள்ளலாம். நாய் எவரையாவது கடித்துவிட்டால், வீட்டு நாய்தானே என்று மஞ்சள் பத்துப் போட்டு விட்டுவிடாதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சட்டமும் ரயிலும்

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வோம். 1960-ம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடைச் சட்டம் பிறக்கக் காரணமாக இருந்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்ய சபையில் அவர் கொண்டுவந்த தனி மசோதாவே அதற்கு விதை. 1962-ல் ஏற்பட்ட பிராணிகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. அச்சட்டத்தின் 11-வது பிரிவின்படி, காரணமின்றிப் பிராணியைக் கைவிடுவது குற்றம். நியாயமற்ற நேரம் மிகக் குட்டையான சங்கிலியில் கட்டிவைப்பதும் குற்றம். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை உலாத்தி அழைத்துப்போகாமல் இருப்பதும் குற்றமே. நாய்க்கு நடை வேண்டும் என்பதை அந்தக் காலத்திலேயே சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் முதல் குற்றத்துக்கு அச்சட்டம் வைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அன்று அது ஒரு தொகை. அதே தொகையை வைத்துக்கொண்டு இன்று யாரைப் பயமுறுத்த முடியும்?

நாய்க் குட்டி விற்பனைக்கென்று 2017-ல் தனி விதிகள் வந்தன. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, வளர்த்து விற்கிறவர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பவை அதில் உள்ளன. அதோடு, குட்டி வாங்குகிறவரிடம் "இது என்ன வேலைக்குப் பிறந்த நாய், தினம் எவ்வளவு நேரம் கேட்கும்" என்று எழுதிய ஒரு தாளையும் விற்கிறவர் கொடுக்க வேண்டும் என்று ஆக்கினால் காப்பகங்களில் பாதிக் கூட்டம் குறையும்.

டிரான்ஸ்பர் வந்துவிட்டது, நாயை ரயிலில் கொண்டுபோக முடியாது, அதனால் விட்டுவிட்டுப் போகிறோம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கிறவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஏ.சி. முதல் வகுப்பில் கூப்பேயோ கேபினோ முழுவதும் உங்கள் குடும்பத்துக்கே ஒதுக்கப்பட்டிருந்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். ஸ்லீப்பர், இரண்டாம் வகுப்பு, ஏ.சி. இரண்டடுக்கு, மூன்றடுக்குப் பெட்டிகளில் முடியாது. அந்த வகுப்புகளில் போகிறவர்கள் அதே வண்டியின் கார்டு பிரேக் வேனில் உள்ள நாய்ப் பெட்டியில் அனுப்பலாம். தடுப்பூசி அட்டையும் கால்நடை டாக்டர் சான்றும் எடுத்துக்கொண்டு, வண்டி புறப்படுவதற்கு வெகு முன்னதாகவே பார்சல் ஆபீசுக்கு வந்து பதிவு செய்ய வேண்டும். வழியில் சோறும் தண்ணீரும் கொடுப்பது உங்கள் பொறுப்பு. வெயில் காலமானால் ராத்திரி வண்டியைப் பாருங்கள். சிரமம் உண்டுதான். ஆனால் முடியாத காரியம் அல்ல. பீரோவையும் கட்டிலையும் லாரி பிடித்து அனுப்புகிறவர்கள் ஒரு ஜீவனுக்காக ஒரு மணி நேரம் முன்னால் ஸ்டேஷனுக்கு வரக் கூடாதா?

நாயை வாங்குகிறவர், கைவிடுகிறவர், மீட்கிறவர், தத்தெடுக்கிறவர் என்ற நான்கு பேரும் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே. இந்த நாய்க்கு நாளை காலை யார் நேரம் ஒதுக்கப் போகிறார்கள்? அதற்கு ஓர் ஆளின் பெயரைச் சொல்ல முடிந்தால் அது ஒற்றை அறையானாலும் சரியான வீடு. சொல்ல முடியாவிட்டால் எத்தனை பெரிய வீடானாலும் அந்த நாய் காப்பகத்துக்குத் திரும்பி வரும். காப்பகங்களில் உள்ள மேய்ப்பு நாய்களுக்கு வீடு பார்க்கிறவர்கள் இனி இந்தக் கேள்வியை விண்ணப்பத்தின் முதல் வரியில் போடட்டும். தினமும் நடக்கிற பழக்கமும் பகலில் ஓய்வும் உள்ள நம் பெரியவர்கள், தங்களால் ஆகுமா என்று வீட்டில் கலந்து பேசிவிட்டு, ஒருமுறை அந்தக் காப்பகங்களுக்குப் போய் வரட்டும்.